மூக்கர் வீட்டுத் தும்பை

என் வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. தேனீப் பெட்டி வைத்திருக்கிறவர்களிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். மூக்கர் என்றால்தான் தெரியும். மற்றவர்கள் பெட்டியைத் திறந்ததும் கண்ணை ஓட்டுவார்கள். இவர் மூடியைத் தூக்கியதும் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை உள்ளே நீட்டுவார். அத்தனை கொடுக்கு அங்கே இருக்கிறதே என்கிற நினைப்பே கிடையாது. நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, "ராணி போயிடுச்சு, வேற பாருங்க" என்பார். "எலுமிச்சைப் பூவுக்குப் போயிட்டு வருது, கொஞ்சம் பொறுத்துத் தேன் எடுங்க" என்பார். சொன்னால் சொன்னபடி இருக்கும்.

புழுக்கள் அழுகிப்போகிற நோய் ஒன்று உண்டு. பெட்டிக்காரர்களிடம் அதன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். ஒரு பெட்டியில் வந்தால் அடுத்ததற்குப் போகும். ஈயோடு சேர்த்துப் பெட்டியைக் கொளுத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் இவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே எங்கெங்கிருந்தோ வந்து இவரை அழைத்துப் போவார்கள். எங்கள் பிழைப்பில் பாதி எங்கள் பெட்டியில், பாதி இவர் மூக்கில்.

அந்த மூக்கோடு குடித்தனம் நடத்தியவள் நான். லேசுப்பட்ட காரியம் இல்லை. மத்தியானம் அடுத்த வீட்டில் உட்கார்ந்து பொரித்த மீன் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு வந்தால், சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எனக்கு ஒரு துண்டு வாங்கிட்டு வரத் தோணலையா?" என்பார். சண்டை போட்டு, அழுது, முகம் கழுவி, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றாலும் விடமாட்டார். "இந்நேரத்துல எதுக்கு சோப்பு?" என்று கேட்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நாய்க்கு வாக்கப்பட்டிருந்தாலும் இந்தத் தொல்லை இருந்திருக்காது என்று சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பார். எங்கள் வீட்டில் ஒருவர்தான் பேச முடியும், அது நான் என்பதை அவர் கல்யாணமான புதிதிலேயே ஒத்துக்கொண்டுவிட்டார்.

போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. இவருக்கும் வந்தது, போயிற்று. போகிற போக்கில் மூக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அது எங்களுக்குத் தெரிந்ததே பால் தீய்ந்தபோதுதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் துணி உலர்த்தப் போயிருந்தேன். இவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டங்களுக்குக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சட்டம் என்றால் ஈக்கள் தேனடை கட்டுவதற்குப் பெட்டிக்குள் தொங்கவிடுகிற மரச் சட்டம். நான் திரும்பி வரும்போது பாத்திரத்தின் அடி கரியாகிக் கிடந்தது. தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும், அவ்வளவு நாற்றம். "ஏங்க, இங்கதானே உக்காந்திருக்கீங்க, உசிரோட இருக்கீங்களா இல்லையா?" என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே," என்றார்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நரம்பு சம்பந்தப்பட்டது, தானாக வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார். பொறுமை எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அதுவும் இவர் சாப்பிட உட்காருவதை என்னால் பார்க்க முடியவில்லை. முன்பெல்லாம் தட்டு வருவதற்கு முன்னால் குறை சொல்வார். இப்போது எதைப் போட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்தேன், சண்டைக்காவது வரட்டும் என்று. அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவினார். பெட்டி பார்க்கக் கூப்பிட வந்தவர்களிடம், "காய்ச்சல்ல விழுந்து எழுந்திருக்கார், கொஞ்சம் தேறட்டும்" என்று நானே சொல்லி அனுப்பினேன். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் தேறிக்கொண்டே இருப்பது? மூக்குப் போன மூக்கரை யார் கூப்பிடப்போகிறார்கள்?

அப்போதுதான் என் நாத்தனார் போன் செய்தாள். இவருக்கு மூத்தவள், தையல்காரி. துணிக்கு அளவெடுக்கும்போதே ஆளுக்கு என்ன நோய் என்று கேட்டு வைத்தியமும் சொல்லிவிடுகிறவள்.

"தும்பைப் பூவைக் கசக்கி மூக்குல விடு," என்றாள்.

"டாக்டர் நரம்புன்னு சொல்றாரே, அண்ணி."

"டாக்டருக்கு என் தம்பி மூக்கைப் பத்தி என்ன தெரியும்? சின்னப் பையனா இருக்கறப்ப அவனுக்கு மண்டை முழுக்க சளி கட்டிக்கும். தும்பைதான் இறக்கும். இலை வேண்டாம், பூ. அன்னன்னிக்குப் பறிச்சது. வெயில் ஏறதுக்கு முன்னாடி பறிச்சுடு."

தும்பைக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மர மில் இருக்கிறது. ரம்பத்தின் சத்தம் நின்று பல வருஷமாகிவிட்டது. தகரக் கொட்டகையும் அதைச் சுற்றி ஒரு பெரிய காலியிடமும்தான் மிச்சம். மில்காரர் நல்ல மனுஷர், மதிலோரமாகப் பெட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தார். மழை ஒரு தடவை பிடித்து அடித்துவிட்டு நின்றால் போதும், அந்தக் காலியிடம் முழுக்கத் தும்பை எழுந்துவிடும். யாரும் விதைத்ததில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. முழங்கால் உயரச் செடி. தண்டில் கணுவுக்குக் கணு ஒரு பச்சை உருண்டை, அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாய் வெள்ளைப் பூ. ஒரு பூவை உருவி உறிஞ்சினால் நாக்கு நுனிக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓர் இனிப்பு. சுற்றுவட்டாரமெல்லாம் சிமெண்டு போட்டு மூடியாகிவிட்டது. மரங்கள் பூக்காத அந்த மாதங்களில் எங்கள் ஈக்களுக்கு அந்தக் காலியிடம்தான் சாப்பாட்டுப் பானை.

நான் அந்தப் பானையில் கையை விட்டேன்.

ஒரு கரண்டிச் சாற்றுக்கு ஒரு பெரிய கிண்ணம் பூ வேண்டியிருந்தது. விடிந்ததும் விடியாததுமாகக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூலையிலிருந்து ஆரம்பிப்பேன். கொஞ்ச நேரத்தில் ஈக்கள் வந்துவிடும். நான் பறித்து முடித்த செடியில் போய் உட்காரும், சுற்றும், என் கையைச் சுற்றும். ஒன்றிரண்டு கொட்டவும் செய்யும். "அவருக்காகத்தான் பறிக்கறேன், உங்களுக்கும் அவர்தானே சோறு போடறார்" என்று நானும் பதிலுக்குத் திட்டுவேன்.

இவர் பெஞ்சில் மல்லாந்து படுத்துத் தலையைத் தொங்கப் போடவேண்டும். நான் துணியில் பிழிந்து இந்தப் பக்கம் நாலு சொட்டு, அந்தப் பக்கம் நாலு சொட்டு. சாறு உள்ளே போனதும் சுர்ரென்று உச்சி வரை ஏறும். மனுஷர் எழுந்து உட்கார்ந்து தும்முவார் பாருங்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற நாய் எழுந்து ஓடும். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும்போதே நான் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து நீட்டுவேன்.

"ஏதாவது தெரியுதா?"

"இல்லை."

மண்ணெண்ணெய்ப் பாட்டிலை நீட்டுவேன். இல்லை. என் முந்தானையை நீட்டுவேன். இல்லை. தலைக்குள் கட்டியிருந்த சளியெல்லாம் இறங்கிற்று, தலைவலி போயிற்று, அதைத் தும்பை சுத்தமாகச் செய்தது. வாசனை மட்டும் வரவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று சாயங்காலமும் பறிக்க ஆரம்பித்தேன். காலியிடத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை வெறும் பச்சை உருண்டையாக நின்றது.

இவர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு காலை என் பின்னாலேயே வந்தார்.

"போதுமே. பெட்டிக்கு ஒண்ணும் வரலை."

"உள்ள வந்ததா வரலையான்னு மூக்கில்லாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" வாய் தவறி வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது.

"தூக்கிப் பாத்தேன். லேசா இருக்கு," என்றார். "இதோ இந்த ஈயைப் பாரு. நீ பறிச்ச செடியையே சுத்திச் சுத்தி வருது."

"ஈ வேற எடம் பாத்துக்கும். உங்களுக்கு வேற மூக்கு இருக்கா?"

அவர் பெட்டிப் பக்கமே திரும்பிப் போனார். ஜெயித்துவிட்டோம் என்று நானும் அடுத்த செடிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, பூக் கிண்ணத்தோடு உள்ளே நுழைகிறேன், இவர் அடுப்படியில் நிற்கிறார், கையில் தம்ளர்.

"காப்பி கொஞ்சம் கருகிடுச்சு போல," என்றார்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று தெரியாது. அன்றைக்குக் காப்பி நிஜமாகவே அடிப்பிடித்திருந்தது, வடிகட்டி ஒப்பேற்றியிருந்தேன். பின்கட்டுக்கு ஓடிப்போய் ஒரு கையில் சோப்பை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வந்தேன்.

"இது என்ன, சொல்லுங்க பாப்போம்."

"சோப்பு," என்றார்.

எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து அழுதேன். நாத்தனாருக்குப் போன் செய்தேன், அவள் அரைமணி நேரம் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டாள், நானும் சேர்ந்து பாராட்டினேன். தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் சொன்னேன். மூக்கர் வீட்டில் மூக்கு வந்துவிட்டது என்று சொல்லும்போது சிரித்தவர்களையும் திட்டவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளிலிருந்து கிண்ணத்தை எடுக்கவில்லை. தும்பைக்கு அது போதும். ஒரு வாரம் போவதற்குள் காலியிடம் மறுபடி வெள்ளையாகிவிட்டது. ஈக்கள் முதுகெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொண்டு, கனத்துப்போய், வாசல் பலகையில் தொப்பு தொப்பென்று வந்து இறங்கின. பெட்டி கனத்தது. இவர் காலையும் மாலையும் போய்ப் பெட்டிகளுக்கு எதிரில் ஒரு மரத்துண்டைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பெட்டி பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டவர்களிடம் மட்டும், "மழை முழுக்க விடட்டும், வரேன்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சலில் சோம்பல் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து அதற்கும் ஒரு பாட்டுப் பாடினேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் சாயங்காலம் டிரைவர் அண்ணன் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் இரண்டே இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்த பயணிகளைக்கூட அவ்வளவு கவலையோடு பார்த்திருக்க மாட்டார், அப்படிப் பார்ப்பார். அவருடைய ஒரு பெட்டியில் ஈ குறைந்துகொண்டே வந்ததாம். புழு இருக்கிற அடை ஒன்று கேட்டு வந்திருந்தார். பலம் குறைந்த பெட்டிக்குள், பலமான பெட்டியிலிருந்து புழு அடையோடு ஒரு சட்டத்தை எடுத்து வைத்தால், பொரித்து வருகிற ஈ அந்தப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிடும். பெட்டிக்காரர்களுக்குள் அதற்கு விலை கிடையாது. கேட்டு வந்தவருக்கு இல்லை என்று யாரும் சொல்வதும் கிடையாது. சுமந்துபோக ஒரு காலிப் பெட்டியும், போர்த்த ஈரத்துணியும் கையோடு கொண்டு வந்திருந்தார்.

இவருக்கு ஒரே சந்தோஷம். "இருக்கறதுலயே நல்லதா எடுத்துக்கங்க," என்று நடுவில் இருந்த பெரிய பெட்டிக்குப் போனார். நான் புகை டப்பாவோடு பின்னால் போனேன். எப்போதும் புகை போடுவது நான்தான்.

மூடியைத் தூக்கினார். புகையை விட்டேன். ஈ கீழே இறங்கியது. புகை கலைந்ததும் ஒரு வாடை வந்தது. மீன் கழுவின தண்ணீரை வாளியோடு மறந்துவிட்டால் மறுநாள் வருமே, அது. முதலில் மதிலுக்கு அப்பாலிருந்து வருகிறதோ என்று நினைத்தேன். இவர் நடுச்சட்டத்தை நெம்பி மேலே தூக்கினார், வாடை இன்னும் கெட்டியாக வந்தது. எனக்கு ஒன்றும் பெரிய மூக்கு கிடையாது. எனக்கே அடித்தது.

இவர் அந்தச் சட்டத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"தும்பைத் தேன் கமகமன்னு வருது பாருங்க," என்றார் டிரைவர் அண்ணனிடம்.

டிரைவர் அண்ணன் இரண்டு எட்டு தள்ளி, காற்று வருகிற பக்கமாக, வாடை எட்டாத இடத்தில், ஈரத்துணியை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். "உங்களுக்குத் தெரியாததா, மூக்கரே," என்று சிரித்தார்.

நான் இவர் முகத்தையே பார்த்தேன். மூக்கு வரவில்லை. வரவே இல்லை. தெருவெல்லாம் நான் சொல்லிக்கொண்டு போனதெல்லாம் பொய்.

சட்டம் கை மாறப்போகிறது. அதற்குள் நான் யோசிக்க வேண்டும். பெட்டி நாறுகிறது என்று சொன்னால், அடுத்த கேள்வி மூக்கருக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான். டிரைவர் அண்ணன் நல்லவர், ஆனால் அவர் வாயில் விழுந்த செய்தி இறங்காத நிறுத்தம் கிடையாது. சொல்லாமல் விட்டால் அந்த நோய் அவர் மாடிக்குப் போய் அவருடைய இரண்டு பெட்டியையும் தின்றுவிடும்.

"அதைக் கொடுக்காதீங்க," என்றேன்.

இவர் திரும்பினார். "என்ன?"

"கொடுக்க வேண்டாம்னு சொன்னேன். நம்ம பெட்டியே இப்பத்தான் தேறியிருக்கு. கேக்கறவங்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துட்டு நாம என்ன பண்றது?"

"என்ன பேசறே நீ? ஒரு அடை கேட்டு வந்திருக்கார்."

"கேக்கட்டும். இது நம்ம வீட்டுப் பெட்டி. கொடுக்க முடியாது."

டிரைவர் அண்ணன் ஈரத்துணியை மெல்ல மடித்தார். "பரவால்லைம்மா," என்றார். "நான்தான் முன்னாடியே உங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். வேற எடத்துல பாத்துக்கறேன்." காலிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் குனிந்து அந்த மில் வாசலைத் தாண்டுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கோபக்காரி என்ற பெயர் எனக்கு உண்டு, வாயாடி என்ற பெயரும் உண்டு. கஞ்சப் பிசினாறி என்ற பெயர் அதுவரை இல்லை. அதையும் அன்றைக்கு வாங்கி வைத்துக்கொண்டேன்.

இவர் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்மேல் குரலை உயர்த்தினார்.

"அடை கேட்டு வந்தவரை யாராவது வெறுங்கையோட அனுப்புவாங்களா? என் மானத்தையே வாங்கிட்டியே. நாளைக்கு யார் முகத்துல நான் முழிப்பேன்?"

நான் புகை டப்பாவைக் கீழே வைத்தேன். "அதை மறுபடி மோந்து பாருங்க," என்றேன்.

"அதான் பாத்தேனே."

"இன்னொரு தடவை பாருங்க."

சட்டத்தைத் தூக்கி முகத்தருகே வைத்தார்.

"என்ன வருது?"

"தேன்."

நான் பேசாமல் நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். சட்டத்தை மெதுவாகத் தாழ்த்தினார். கோபமெல்லாம் வடிந்துபோய்விட்டது.

"உனக்கு என்ன வருது?" என்று கேட்டார்.

"நாறுதுங்க. அழுகின மீன் மாதிரி."

பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஈக்களை ஊதி விலக்கிவிட்டு அடையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். புழு அறைகளின் மூடிகளில் சில உள்வாங்கி, நடுவில் ஓட்டையாக இருந்தன. தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து ஓர் அறைக்குள் விட்டு மெல்ல இழுத்தார். குச்சியோடு சேர்ந்து அழுகின புழு பழுப்பாக நூல் மாதிரி நீண்டு வந்து அறுந்தது. எனக்கே தெரியும் அது என்னவென்று. அவர் சட்டத்தைத் திரும்பப் பெட்டிக்குள் இறக்கி மூடியைப் போட்டார். மூடி சரியாக உட்காரவில்லை, நான்தான் அழுத்திவிட்டேன்.

"மூக்கு எப்பப் போச்சு மறுபடி?" என்று கேட்டேன். எங்கேயோ ஒரு நப்பாசை.

"வரவே இல்லை."

"காப்பி கருகினது?"

"தம்ளர்ல கரி மிதந்துச்சு."

"சோப்பு?"

"உன் முழங்கை வழியா நுரை சொட்டிட்டு இருந்துச்சு."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். "எதுக்குங்க? எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவர் தும்பைப் பக்கம் பார்த்தார். சாயங்கால வெளிச்சத்தில் கடைசி ஈக்கள் பூக்களை விட்டு எழுந்து வந்துகொண்டிருந்தன.

"நீ நிறுத்தற மாதிரி தெரியலை," என்றார். "விடிஞ்சா வந்துடறே. ஈ ஒவ்வொரு செடியா உக்காந்து பாத்துட்டு வெறும் வயித்தோட திரும்பி வருது. என்னால பாத்துட்டு இருக்க முடியலை. வந்துடுச்சுன்னு சொன்னா நீ பறிக்க மாட்டேன்னு தோணிச்சு. நிஜமாவே வந்துட்டா அப்புறம் பொய்யும் இல்லை. வரலைன்னா கண்ணால பாத்துக்கலாம்னு நெனச்சேன். கண்ணாலதான் எல்லாரும் பாக்கறாங்க. பெட்டி நெறைய ஈ இருந்துச்சு. தேன் வந்துட்டே இருந்துச்சு. இவ்வளவு நல்லா இருக்கறப்ப எதுக்குக் கிளறணும்னு சட்டத்தை முழுசா எடுத்துப் பாக்கலை."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஈக்குப் பாவம் பார்த்தாரே, எனக்குப் பார்த்தாரா? ஒவ்வொரு நாளும் அவர் சாப்பிடும்போது, "எப்படி இருக்கு, வாசனை வருதா?" என்று கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டேனே, அத்தனை தடவையும் முகத்துக்கு நேராகத் தலையாட்டினாரே. அதையெல்லாம் அவரிடம் கத்தினேன். "பறிக்காதேன்னு எங்கிட்ட ஒரு தடவை ஓங்கிச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?" என்றும் கேட்டேன்.

"கேட்டிருக்க மாட்டே," என்றார்.

உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

மற்றப் பெட்டிகளையும் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கையையும் நெம்புகோலையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். ஒவ்வொரு மூடியாகத் திறந்தார், நான் குனிந்தேன். மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லை" என்று நான் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். கடைசிப் பெட்டி வரைக்கும் ஒன்றுமில்லை. பெரிய பெட்டி ஒன்றுதான்.

உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க?"

"டிரைவர் வீட்டுக்கு. இந்நேரம் நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பார், மூக்கர் பொண்டாட்டி ஒரு அடைக்குக் கணக்குப் பாத்தான்னு."

"சொல்லிட்டுப் போகட்டும். எனக்கென்ன."

"எனக்கு இருக்கு."

"மூக்குப் போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் ஒருத்தரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க. யோசிச்சுக்கங்க."

"தெரியும்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். அது கதவுக்குப் பின்னால் இருந்தது, நான் எடுத்துப் போட்டேன். நடையைப் பார்த்தால் அவசரமாகப் போகிறவர் மாதிரி இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை.

திரும்பி வரும்போது டிரைவர் அண்ணனும் கூட வந்தார். கையில் மண்வெட்டி. என் முன்னால் வந்து நின்று, "குழியை எங்கம்மா வெட்டலாம்?" என்று கேட்டார். குழி இல்லாமல் கொளுத்தக் கூடாது. தேன் உருகி வெளியே ஓடினால் மற்றப் பெட்டி ஈக்கள் வந்து குடித்து நோயை வீட்டுக்குக் கொண்டுபோகும். நான் கொட்டகை ஓரத்தைக் காட்டினேன். அவர் ஒரு வெட்டு வெட்டியதும், இவர் போய் மண்வெட்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் தள்ளி வெட்டிக்கலாம். அங்க பூ இருக்கு."

டிரைவர் அண்ணன் தள்ளிப் போய் வெட்டினார்.

வெளியே போன ஈயெல்லாம் வந்து அடைந்து, வெளிச்சம் மங்கியதும் பெட்டியின் வாசலை ஈரத்துணியால் அடைத்தோம். இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கிவந்து குழிக்குள் இறக்கினார்கள். தூக்கமுடியாமல் தூக்கினார்கள், அவ்வளவு கனம். உள்ளே இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு இவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். டிரைவர் அண்ணன் அதை வாங்கித் தானே கிழித்துப் போட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தபோது சத்தம் ஓய்ந்திருந்தது, மரம் வெடிக்கிற சத்தம் மட்டும்தான்.

முதலில் மண்ணெண்ணெய் வாடை. அது அடங்கியதும் மெழுகு உருக ஆரம்பித்தது, தேன் காய ஆரம்பித்தது. மீன் வாடை போன இடம் தெரியவில்லை. அப்படி ஒரு வாசனையை நான் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷத்தில் அனுபவித்ததில்லை. மூச்சை இழுக்கவே குற்றம் செய்கிற மாதிரி இருந்தது, இழுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இவர் என் பக்கம் சாய்ந்து, டிரைவர் அண்ணனுக்குக் கேட்காத குரலில், "ரொம்ப நாறுதா?" என்றார்.

"இல்லைங்க. நல்ல வாசனை. நெஜமா, ரொம்ப நல்லா இருக்கு."

தீ வெளிச்சத்தில் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அவருக்காகச் சொல்கிறேனா, நிஜத்தைத்தான் சொல்கிறேனா என்று தேடினார். நான் அழுதுகொண்டிருந்ததால் அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடிந்திருக்காது.

"நீங்க சொல்லுங்கண்ணே," என்றேன்.

டிரைவர் அண்ணன் மண்வெட்டியில் சாய்ந்தபடி மூச்சை இழுத்தார். "ஆமா மூக்கரே," என்றார். கூப்பிட்ட பிறகுதான் கூப்பிட்டது உறைத்தது அவருக்கு, தலையைக் குனிந்துகொண்டார். "தேனும் மெழுகுமா, கமகமன்னுதான் வருது."

இவர் தலையாட்டினார். குழிக்குள் எரிகிற பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"அப்ப நெறையத்தான் சேத்திருக்கு," என்றார்.